கீழே இறங்க மறந்த எலியார்

அலுவலகத்தில் அவருக்கு எலியார் என்று பெயர். ஒரே ஒரு எழுத்தை அழிக்க வேண்டுமென்றாலும் கை மவுஸைத் தேடிப் போய்விடும். பதினோரு வருடம் நிரல் எழுதிச் சம்பாதித்தது இந்தப் பட்டமும் மணிக்கட்டு வலியும்தான்.

மகளின் பள்ளி நாடகங்கள் இரண்டைத் தவறவிட்டதற்கும் அந்த மவுஸே சாட்சி. முதல் நாடகத்தில் மகள் மரம், அடுத்ததில் கரடி. மரம் நின்றபோதும் கரடி உறுமியபோதும் எலியார் ஏதோ ஒரு கோப்பின் ஐந்நூறாவது வரியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். இந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவள் மேகம். வசனமே உண்டு.

"வர முடியலன்னா பரவாயில்லப்பா, அம்மா வீடியோ எடுத்துடுவாங்க" என்றது மேகம், பல் துலக்கிக்கொண்டே. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கரடி உறுமிய மறுநாளே அவர் பக்கத்து இருக்கைச் சோதனையாளரிடம் சரணடைந்திருந்தார். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அந்த அம்மாளின் வேலை. மனிதர்களிடம் கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே எல்லாம் செய்யவிடும், நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் எலியார் அதைத் திறந்து, வெளியே வரத் தெரியாமல் கடைசியில் பிளக்கைப் பிடுங்கியதை அலுவலகம் இன்னும் மறக்கவில்லை.

"இந்தத் தடவை பிளக்குல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"பண்றேன் தாயே."

ஆறு வாரம், தினமும் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம். அந்த எடிட்டரில் எழுத்துகளே கட்டளைகள். எழுதப் போகிறேன் என்று முதலில் அதனிடம் சொல்ல வேண்டும். எலியார் சொல்லாமல் கொள்ளாமல் தட்ட, பாதிப் பக்கம் காணாமல் போகும். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் இழுத்தது. மேலாளர் எட்டிப் பார்த்து, "வேலை பாக்குறீங்களா, பியானோ கத்துக்கிறீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு அதே மேலாளர் வந்தார். பேருந்துச் செயலியில் எண்ணூற்று அறுபது நிறுத்தங்கள், வரிக்கு ஒன்று. பெயர் முன்னால், எண் பின்னால் இருந்தது. "இடம் மாத்திக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

வரிக்குப் பத்து வினாடி என்றாலும் முடிக்க ஐந்து மணியாகும். அதற்குள் மேகம் கலைந்துவிடும்.

எலியார் மவுஸைக் குப்புறக் கவிழ்த்தார். ஒரு வரியில் செய்வதைப் பதிவு செய்து, அதையே வேண்டிய தடவை திரும்பச் செய்யச் சொல்லலாம் என்று படித்திருந்தார். பதிவைத் தொடங்கி முதல் வரியை மாற்றினார். அழகாக மாறியது. இன்னும் எண்ணூற்று ஐம்பத்தொன்பது தடவை செய் என்றார்.

திரை ஒருமுறை சிமிட்டியது. ஒரு வரிகூட மாறவில்லை. சற்றுமுன் மாறிய முதல் வரியும் பழையபடி நின்றது. திரும்பச் செய்தார்; அதே கதை. மணி மூன்று. கை தானாகப் போய் மவுஸை நிமிர்த்தியது.

"ஆறு வாரம் தண்டம்."

சோதனையாளர் நாற்காலியோடு உருண்டு வந்தார். "மொத்தம் எத்தனை தடவை மாத்துச்சு?"

"பதிவோட சேத்து எண்ணூத்தி அறுபது."

"இரட்டைப்படை!" அவர் சிரிக்க ஆரம்பித்தார். "எலியாரே, மாத்தின பிறகு கீழ் வரிக்கு இறங்கச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. முதல் நிறுத்தத்தையே எண்ணூற்று அறுபது முறை புரட்டிப் புரட்டிப் போட்டு, கடைசியில் இருந்த இடத்திலேயே வைத்திருந்தது எடிட்டர்.

"பஸ் முதல் ஸ்டாப்ப விட்டே கிளம்பலைங்க!"

எலியார் மறுபடி பதிவு செய்தார். கடைசியில் ஒரே ஒரு விசை கூடுதல்: கீழே இறங்கு. கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனை நிறுத்தங்களும் மாறின. சோதனையாளர் அங்கங்கே தொட்டுப் பார்த்து, "பிழை இல்ல, ஓடுங்க" என்றார். மணி மூன்று பத்து.

பள்ளி அரங்கில் மனைவி காதோரம் கிசுகிசுத்தார். "'கிளம்பிட்டேன்'னு மெசேஜ் போட்டீங்களே, அதுக்குப் பின்னாடி ஏதோ ரெண்டு எழுத்து இருந்துச்சே, திட்டா?"

எலியாருக்குக் காது சிவந்தது. "கைப்பழக்கம். அந்த எடிட்டர்ல, சேமிச்சுட்டு வெளிய வர்றேன்னு அர்த்தம்."

"அப்பாடா, வெளிய வரத் தெரிஞ்சுடுச்சு!"

அதற்குள் மேடையில் மேகம் மூன்றாவது வரிசையில் அப்பாவைப் பார்த்துவிட்டது. சூரியன் தன் வசனத்தைத் தொடங்கவே இல்லை, மேகம் முந்திக்கொண்டு, "இதோ, நான் பெய்யப் போறேன்!" என்று கத்தியது.