என் கணவர் மாமனாரானது

துலி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. வந்தாள். ஆனால் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கம் வாழைத்தோப்புக்குள் நின்று இரண்டு தரம் கைதட்டுவாள். நான் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினால், "தனியாவாம்மா இருக்கீங்க?" என்று கேட்பாள். ஆமென்றால் உள்ளே வந்து, எப்போதும்போல வாழைக்காய் உரித்துக்கொண்டே ஊர்வம்பு பேசுவாள். என் கணவர் அக்செல் எங்கேயாவது இருமினால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, துணியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். அப்படி ஓடியதில்தான் என் நீலப்பூக் கிண்ணம் உடைந்தது. டென்மார்க்கிலிருந்து கப்பல், ரயில், லாரி எல்லாவற்றிலும் தப்பி வந்த கிண்ணம்.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒன்றும் புரியாமல் பயம் பிடித்துக்கொண்டது.

துலினாக்வே என்பது அவள் முழுப்பெயர். நாங்கள் ஆப்பிரிக்காவில் இந்த மலைக்கு வந்த வருஷம், பத்து வயதில், மிஷன் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தவள். அக்செல்தான் அவளுக்குச் சிலேட்டில் எழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் நிலைமை தலைகீழானது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் இந்த ஊர் மொழியான நியாக்யூசாவில் எழுதிய பிரசங்கத்தை வாங்கி வாசித்து, "ஐயா, இப்படிச் சொன்னா மாடுகூடச் சிரிக்கும்" என்று திருத்திக் கொடுப்பது அவள்தான். நான் ஊராருக்கு மருந்து கொடுக்கும் மேசையில் எனக்கு அவள்தான் கையும் வாயும். மூன்று சனிக்கிழமையாக அவள் திருத்தாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று அவளுக்கு ஞானஸ்நானம். இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஒரு கேவலமான எண்ணமும் எனக்கு வந்தது. வந்ததை மறைப்பானேன்? இளம்பெண் ஒருத்தி ஓர் ஆம்பிளையைக் கண்டு இப்படி ஓடினால் எந்தப் பெண்டாட்டிக்கும் வரும்.

"அவள என்ன பண்ணுனீங்க?" என்று அக்செலிடம் நேராகவே கேட்டேன்.

சவரம் செய்துகொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு திரும்பினார். "நானா? ஒண்ணும் பண்ணலையே! போன மாசம் அவ கல்யாணத்துக்கு மாடு ஓட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான்."

அது உண்மைதான். மாப்பிள்ளை லுசெகெலோ எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தகப்பன் இல்லாதவன். பெண் வீட்டுக்குப் பரிசமாக மாடு ஓட்டிப் போகத் தகப்பன் வேண்டுமே என்று அவன் திகைத்து நின்றபோது, "நான் வர்றேன்டா" என்று அக்செல் கிளம்பினார். மிஷன் மந்தையிலிருந்து மூன்று பசுக்கள். கையில் கோலோடு முன்னால் நடந்தவர் இவர். பெண் வீட்டு வாசலில் "இவன் என் மகன்" என்று சொன்னவரும் இவர்தான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

எங்கள் மகள் கிரேத்தாவுக்கு அப்போது எட்டு வயது. இந்த மலையிலேயே பிறந்தவள். நாங்கள் சாப்பாட்டு மேசையில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அவித்த வாழைக்காயைத் தயிரில் பிசைந்துகொண்டே, எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா அவளுக்கு மாமனாராச்சே! ஓடாம என்ன செய்வா? இதுகூடத் தெரியாதா உங்க ரெண்டு பேருக்கும்?"

அக்செலின் கரண்டி தட்டில் விழுந்தது.

தெரியாதா என்றால், தெரியும். இந்த ஊரில் மருமகள் மாமனாரைப் பார்க்கக்கூடாது, அவர் பார்வையிலும் படக்கூடாது. அவர் வரும் பாதையில் இவள் எதிர்ப்பட்டால் தோப்புக்குள் பாய வேண்டும். சாகும்வரை அப்படித்தான். எங்கள் கோயிலுக்குள்ளேயே ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஆளுயர மூங்கில் தட்டி கட்டியிருக்கிறது. மாமனார்களும் மருமகள்களும் ஒரே கூரையின் கீழ் ஜெபம் பண்ண வேறு வழியில்லை. அதை எடுக்கச் சொல்லி அக்செல் இரண்டு பிரசங்கம் செய்தார். இரண்டு முறையும் ஆமென் சொல்லிவிட்டு, தட்டியை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். இத்தனையும் கண்ணால் பார்த்த எங்களுக்கு, அந்த வழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வரும் என்று மட்டும் தோன்றவே இல்லை. வெள்ளைக்காரன் எங்கே மாமனாராவான் என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. ஊர் அப்படி நினைக்கவில்லை.

அக்செலுக்கு ரோஷம் வந்தது. மறுநாள் காலையில் துலி தண்ணீர்க் குடத்தோடு வரும் பாதையின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"துலி, நில்லு! நான் உன் வாத்தியார். அதே ஆளுதான்!"

அவள் குடத்தை விட்டெறிந்துவிட்டுச் சரிவில் குதித்தாள். மழையில் மண் வழுக்கி, முழங்கால் கிழிந்து இரத்தம் கொட்டியது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, வலியைவிட வெட்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். அக்செல் உடைந்த குடத்தின் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலையைக்கூடத் திருப்பவில்லை. இப்போதாவது புத்தி வந்ததே என்று எனக்கு அவர்மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன.

காயத்தைக் கழுவிக் கட்டும்போது சொன்னேன். "ஞானஸ்நானம் கொடுக்க அவர் உன்னைப் பாத்துத் தலையில கை வைக்கணுமே. வேற போதகர் யாராவது வரட்டும் துலி. அடுத்த வருஷம் ஏரிக்கரையிலேர்ந்து ஒருத்தர் வருவாராம். அப்ப வாங்கிக்கலாம்."

அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அடுத்த வருஷமா? எங்கம்மாவுக்கும் அப்படித்தானேம்மா சொன்னீங்க?"

அவள் அம்மா இரண்டு வருஷம் வேதபாட வகுப்பில் உட்கார்ந்தவள். கட்டளைகளை வரிசையாகச் சொல்ல வரவில்லை என்று அக்செல் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். அந்த வருஷக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஞானஸ்நானம் பெறாததால் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வேலிக்கு வெளியே, எருக்குழிக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். துலி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

"எனக்கு இந்த வருஷமே வேணும். நான் வேலிக்கு வெளிய கெடக்க மாட்டேன்" என்றாள்.

அன்று மத்தியானமே மூப்பர் முவாய்சுமோவை வீட்டுக்குக் கூப்பிட்டோம். சபையிலேயே பெரியவர் அவர். ஊர் முறைகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. டீயில் நான்கு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"வழி ஒண்ணு இருக்கு ஐயா. சுலபமான வழிதான். லுசெகெலோவோட சித்தப்பன் ஒருத்தன் ஏரிப்பக்கம் இருக்கான். அவன் மூணு பசு கொண்டாந்து உங்க மந்தையில விட்டுருவான். நீங்க சபை முன்னால எந்திரிச்சு, 'லுசெகெலோ என் மகன் இல்ல' அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சித்தப்பன் மாமனாராயிருவான். நீங்க பழையபடி போதகர்."

"அவ்வளவுதானா?" என்றார் அக்செல் உற்சாகமாக.

"அவ்வளவுதான்."

"அந்தச் சித்தப்பா இத்தனை நாளா எங்க இருந்தாராம்?" என்று நான் கேட்டேன்.

முவாய்சுமோ கோப்பையின் அடியைப் பார்த்தார். "சின்ன வயசுல அவன அடிச்சுத் தொரத்துனதே அந்த ஆளுதாம்மா."

லுசெகெலோவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மாடு ஓட்டிய நாளிலிருந்து அவன் அக்செலை "அப்பா" என்றுதான் கூப்பிட்டான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூப்பிடுவது? சாக்பீஸ் கேட்க ஒரு அப்பா, மணி அடிக்க ஒரு அப்பா. கிரேத்தாகூடக் கேலி செய்வாள். அவன் வராந்தாப் படியில் நின்று, அக்செல் சொன்ன எல்லாவற்றையும் கேட்டான். வாத்தியார்தானே, கணக்குப் புரிந்துவிட்டது.

"அவளுக்கு அது ரொம்ப முக்கியம். சொல்லிருங்க ஐயா" என்றான்.

அப்பா ஐயாவாகிவிட்டார். அவன் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். அக்செல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எது பாவம், எது நியாயம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

துலியிடம் சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்மேல் பாய்ந்தாள். "அவனுக்குக் கெடைச்ச ஒரே அப்பாவையும் புடுங்கிட்டு எனக்குத் தண்ணி ஊத்துவீங்களா? அப்படி ஒரு ஞானஸ்நானம் யாருக்கு வேணும்?"

"அப்ப என்னதான்டி செய்யச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே வேதம் படிச்சவங்க!"

நாள் நெருங்க நெருங்க வீடு பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி ஆனது. அக்செல் சபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார், மூடுவார். "நான் கண்ணை மூடிக்கிட்டா?" என்பார். "திரும்பி நின்னுக்கிட்டா?" என்பார். தலையில் கை வைக்காமல் எப்படிக் கொடுப்பது என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். நான் கம்பு ரொட்டியில் உப்புக்குப் பதிலாகச் சோடா மாவைப் போட்டேன். அதையும் மூவரும் தின்று முடித்தோம்.

பெந்தெகொஸ்தே ஞாயிறும் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. கோயில் நிரம்பி, ஈரத்துணி வாசம் மூச்சை அடைத்தது. ஞானஸ்நானத்துக்கு ஏழு பேர். ஆறு பேர் முன்னால் வந்து முழங்காலிட்டு எழுந்து போனார்கள். ஏழாவது இடம் காலியாக இருந்தது. துலி தட்டிக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், எனக்கு அருகே வெள்ளை உடுப்பில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு அக்செல் நின்றார். முதல் வரிசையில் முவாய்சுமோ, பக்கத்தில் ஏரிப்பக்கத்துச் சித்தப்பா புதுத் தொப்பியோடு. கடைசி வரிசையில் லுசெகெலோ, தலையைக் குனிந்தபடி. தட்டி முடியும் இடத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு இருபக்கமும் தெரிந்தது.

"லுசெகெலோ," என்று அக்செல் தொடங்கினார். தொண்டையைச் செருமினார். மறுபடி, "லுசெகெலோ..." அவன் நிமிர்ந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"லுசெகெலோ என் மகன். இல்லைன்னு சொல்ல என்னால ஆகாது."

சபையில் ஒரு முனகல் எழுந்தது. சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். துலி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அதற்குள் அக்செல் நேராகத் தட்டியின் முனைக்கு வந்து, உள்ளே பார்க்காமல், கிண்ணத்தை என் மடியில் வைத்தார்.

"போதில்," என்று என் பேரைச் சொன்னார். "நீ ஊத்து."

"நானா? பொம்பளை எப்படி..."

"ஆபத்து நேரத்துல யார் வேணும்னாலும் கொடுக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. மாமியாரைக் கண்டு யாரும் ஓடறதில்லையே."

சொல்லிவிட்டு, அங்கியோடு கோயிலை விட்டு வெளியே நடந்தார். கொட்டும் மழையில் சுவரைச் சுற்றி வந்து, பெண்கள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். அதன் வழியாக அவர் நரைத்த பின்னந்தலை மட்டும் தெரிந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:

"துலினாக்வே! பிதாவின் நாமத்தில்..."

கிண்ணத்தோடு எழுந்தேன். நூறு தரம் பார்த்த சடங்கு, எத்தனை தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

"மூணும்மா, மூணு," என்று முழங்காலில் இருந்த துலி முணுமுணுத்தாள்.

மூன்று தரம் ஊற்றினேன். வெளியே இருந்தவர் "ஆமென்" என்றார். சபை சற்றுத் தாமதித்து, பிறகு கூரை அதிர ஆமென் சொன்னது. ஞானஸ்நானம் கொடுத்தது அவரா நானா என்று மிஷன் மேலிடத்திலிருந்து கடிதத்துக்குமேல் கடிதமாகக் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தால்தானே எழுதுவதற்கு!

அன்று மத்தியானம் வீட்டில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே அக்செல் கேட்டார். "அழுதாளா?"

"இல்ல. மூக்குல தண்ணி போயி தும்மினா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் துண்டு முகத்திலேயே இருந்தது. "எப்படி இருக்கா இப்ப? முகம் மாறிருச்சா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

ஐந்து வாரத்தில் முகம் எங்கே மாறும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு பிள்ளையைத் தக்கவைத்ததற்கு, தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்த இன்னொரு பிள்ளையின் முகத்தை இனிச் சாகும்வரை பார்க்கப்போவதில்லை அவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, நெற்றியில் ஒரு கொசுக்கடி, வலது புருவத்தை முன்போலவே தூக்குகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருஷமாயிற்று. அவளுக்கு நான்கு குழந்தைகள். போன மாதம் அவள் முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. மருந்து மேசையில் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இத மட்டும் அவங்ககிட்ட சொல்லாதீங்கம்மா. பழைய முகமே இருந்துட்டுப் போகட்டும்."

நான் சொல்லவில்லை.