பந்து வீசத் தெரிந்தால் போதும்

இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் ராட்னி துவெய்ட் நடத்திய பப்பில் வேலைக்குச் சேர இரண்டு வழிகள் இருந்தன. உங்கள் பெயர் அவர் வாயில் நுழையாவிட்டால், வேலை செய்யும் உரிமைக்கான அத்தாட்சி எல்லாம் காட்டவேண்டும். ஊர் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசத் தெரிந்தால் ஒன்றும் காட்டவேண்டாம்.

இலிங்கா முதல் வழியில் வந்தவள், ருமேனியாக்காரி. அரசு இணையதளத்தில் அவளுடைய வேலை அனுமதி எண்ணைப் போட்டுச் சரிபார்த்த பிறகும், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இன்னொரு முறை பார்ப்பார் ராட்னி. அவள் மறுத்ததில்லை. பப்புக்கு மேலே இருந்த அறை வேலையோடு வந்தது. பப் மூடினால் அவள் நடுத்தெருவில்.

நியூசிலாந்திலிருந்து வந்த பிரெண்டன் இரண்டாம் வழி. மைதானத்திலிருந்து நேராகக் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"இவரோட விசாவைப் பாத்தீங்களா ராட்னி?" என்று கேட்டாள் இலிங்கா.

"எதுக்கு கண்ணு? அவன் நம்ம பையன். போன ஞாயித்துக்கிழமை ஆறு விக்கெட்! அவங்க ஊர் நோட்டுலயும் நம்ம ராணி படம்தான்."

"ராணி விசா குடுக்க மாட்டாங்க. ரெண்டு நிமிஷ வேலை, பாத்துருங்க. விசா இல்லாத ஆளை வச்சு பப் உரிமம் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"அட, நீ உள்ள வந்ததும் கதவைச் சாத்தப் பாக்குறியா?" என்றார் ராட்னி. குடித்துக்கொண்டிருந்த அணி முழுக்கச் சிரித்தது. பதினோரு பேர், ஒரு மூளைக்குக்கூடத் தேறமாட்டார்கள் என்று நினைத்தபடி கோப்பைகளை அடுக்கினாள் அவள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், சுட்ட மாட்டிறைச்சிக்குக் கூட்டம் அலைமோதிய நேரத்தில், குடியேற்றத் துறையினர் நுழைந்தார்கள். ராட்னி முகம் மலர்ந்து, கரண்டியால் இலிங்காவைச் சுட்டிக்காட்டினார்.

"வெளிநாட்டுக்காரி இவதாங்க. எல்லாம் பக்காவா வச்சிருக்கேன்."

"அவங்க சரிதான்," என்றாள் அதிகாரி. "பீர் ஊத்துற தம்பி யாரு?"

"அவனா? எங்க முதல் பந்துவீச்சாளர்!"

"விசா பாத்தீங்களா?"

"பாத்தாலே தெரியலையா மேடம்? அவன்... அந்த மாதிரி ஆள் இல்லையே."

"எந்த மாதிரி?"

ராட்னியின் கரண்டி மறுபடி இலிங்கா பக்கம் நீண்டு, பாதியில் இறங்கியது. 'அந்த மாதிரி' ஆளான இலிங்கா அடுத்த மேசைக்குத் தட்டுகளை எடுத்துப்போனாள்.

"விசா முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு," என்றான் பிரெண்டன். "சாரி ராட்னி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்ல."

அபராதம் ராட்னிக்கு. பப்பின் உரிமத்தை நகராட்சி பறித்தது. ராட்னிக்கு ஊருக்குள் சொந்த வீடு இருந்தது. இலிங்கா இரண்டு பெட்டிகளோடு லீட்ஸ் பேருந்தில் ஏறினாள். "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்று அவள் கிளம்பும்போது வாசலில் நின்று குறைபட்டுக்கொண்டார் அவர்.

மறு வசந்தத்தில், லீட்ஸ் சரக்குக் கிடங்கில் அவள் மேற்பார்வையாளராக இருந்தபோது, ஆள் எடுக்கும் மேசைப் பக்கம் பழகிய குரல் கேட்டது.

"பாஸ்போர்ட்டா? நான் இங்கயே பொறந்தவன்மா! என்னைப் பாத்தாலே தெரியலையா?"

"பாத்தா தெரியாது சார்," என்றாள் மேசைப்பெண். "எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க."

ராட்னி உதவிக்கு ஆள் தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார். இலிங்கா கண்ணில் பட்டாள்.

"கண்ணு, நீயாவது சொல்லேன், நான் யாருன்னு!"

"தெரியும் ராட்னி," என்றாள் அவள். "அதனாலதான் சொல்றேன், எடுத்துட்டு வாங்க. உங்க ஊருக்கு பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுதான்."