பட்டன் இறங்கட்டும்

அக்கா போய்ப் பதினேழு நாளாகியும் அந்தக் குக்கரை யாரும் தொடவில்லை. அவள் வீட்டுக்காரர், என் மாமா, அன்றைக்கு அதன் ஒயரைப் பிடுங்கியதோடு சரி. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினேழாம் நாள் என்னைப் போனில் கூப்பிட்டு, நீயே வந்து திற, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும் என்றார். தெரியும்தான். பதினொரு வருஷமாக ஒரு பட்டறையில் உட்கார்ந்து, ஊரார் கெடுத்துக்கொண்டு வரும் மிக்ஸியையும் குக்கரையும் சரிசெய்கிறவள் நான்.

மின்சாரக் குக்கரின் மூடியில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒன்று இருக்கும். உள்ளே ஆவி சேர்ந்தால் அது மேலே எழும்பி மூடியைப் பூட்டிக்கொள்ளும். ஆவி அடங்கினால் டக்கென்று இறங்கும். இறங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குக்கூட அக்காவுக்குப் பொறுமை கிடையாது. போன வருஷம் பலத்தையெல்லாம் கூட்டி மூடியைத் திருகி, முழங்கை வரை வேகவைத்துக்கொண்டாள்.

அவள் கையைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். எனக்கு எப்போதும் அப்படித்தான், அழ வேண்டிய இடத்தில் கத்துவேன். "பட்டன் இறங்கற வரைக்கும் அங்கேயே உட்காரு. எதுக்காகவும் எழுந்திருக்காதே. இன்னொரு தடவை அவசரப்பட்டேன்னு தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்றேன். என்னைவிட ஆறு வயது மூத்தவளிடம்.

மறுநாளே ஒரு ஸ்டூல் வாங்கிக் குக்கருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு மணிக்கு என் போனில் ஒற்றைச் சொல் வந்து விழும்: இறங்கிடுச்சு. பட்டறையில் எல்லோரும் சிரிப்பார்கள். உன் அக்கா மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டாள், இனி நாம் சாப்பிடலாம் என்பார்கள்.

அவள் போன அன்று அந்தச் சொல் வரவில்லை. மூன்று மணிக்குத்தான் கவனித்தேன். ஏதோ வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

நடந்ததைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் சொன்னார். ஒன்றரை மணிக்கு, தான் இரவல் கொடுத்த கத்தரிக்கோலைக் கேட்க மாடியேறியிருக்கிறார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வேர்வை. நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது என்றாளாம். எழுந்திரு, டாக்டரிடம் போகலாம் என்று இவர் அவள் கையைப் பிடித்திருக்கிறார்.

"பட்டன் இறங்கட்டும்மா. இறங்கினதும் வரேன். எழுந்தா என் தங்கச்சி திட்டுவா" என்று சிரித்திருக்கிறாள்.

அந்த அம்மா கீழே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்தார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு மறுபடி ஏறியபோது அக்காவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அடித்துப்பிடித்து ஓடிவந்த மாமா ஒயரைப் பிடுங்கும்போதும் பட்டன் மேலேதான் இருந்ததாம்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அதற்கு நாலு நாள் முன்புதான் அந்தக் குக்கரை நான் கையில் எடுத்திருந்தேன். பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன ரப்பர் நைந்திருந்தது. அந்த மாடலுக்கான ரப்பர் கைவசம் இல்லை. வேறு மாடலுடையதை எடுத்துப் போட்டேன். ஒரு மயிரிழை தடிமன் அதிகம். தண்ணீர் ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பட்டன் ஒழுங்காக இறங்கியது. கடைக்கு வருகிறவர்களுக்கு இப்படிச் செய்ய மாட்டேன். நம் அக்காதானே என்று செய்தேன்.

மாமா கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் சமையலறைக்குள் போனேன். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் இடித்துவிடாமல் ஒதுங்கி நடந்தேன், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. குக்கரில் பட்டன் இன்னும் மேலேயே நின்றது.

உள்ளே வெந்த பயறு பதினேழு நாளாக ஊசிப்போய்க் கிடக்கிறது. அதுவே காற்றைக் கிளப்பியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்ட நின்று, நீளக் கரண்டியால் ஆவி போகிற குமிழைத் தள்ளினேன். புஸ்ஸென்று வந்தது. ஊசிப்போன பயற்றின் நாற்றம். ஒரு பெருமூச்சு முடிவதுபோல் மெல்ல அடங்கியது. உள்ளே இனி எதுவுமில்லை. ஆனாலும் பட்டன் இறங்கவில்லை.

கரண்டிக் காம்பால் தட்டினேன். இரண்டாவது தட்டில் டக்கென்று விழுந்தது.

"இறங்கிடுச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. லீவு நாளில் பசியோடு அக்காவைக் கேட்கிற அதே குரல். கேட்ட பிறகுதான் மாமாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். 

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். சூட்டில் உப்பி, பட்டனின் தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது நான் போட்ட ரப்பர். போனை எடுத்து அக்காவின் கடைசிச் செய்திகளைப் பார்த்தேன். ஒன்று இருபது. ஒன்று ஐம்பது. இரண்டு இருபது. ரப்பர் மாற்றிய பிறகு வந்த மூன்று நாளும் அதே சொல், நாளுக்கு நாள் தாமதமாக. அடங்கிப்போன குக்கருக்குக் காவலாக அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வேறு யார் வீட்டுக் குக்கராக இருந்தாலும் இந்த நேரங்களைப் பார்த்ததும் பழுது இன்னதென்று சொல்லியிருப்பேன்.

திறக்கக் கூடாது என்பதுதான் விதி. உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கோபம். ஒயரைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் தொடாமல் எழுந்து போயிருந்தால் அந்தக் குக்கர் யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

கூடத்துக்குப் போய் மூடியை மாமா முன்னால் வைத்தேன். "இந்த ரப்பர் நான் போட்டது மாமா. வேற மாடலோடது. இதனாலதான் இறங்கல" என்றேன்.  அவர் என்னை அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் மூடியை எடுத்து, அந்த ரப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"லேட்டாகுதுன்னு என்கிட்ட சொன்னா. உன் தங்கச்சிகிட்ட சொல்லேன்னேன். வேணாங்க, இப்பதான் பார்த்துக் குடுத்தா, குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும், அவ முகம் வாடிடும்னா" என்றார்.



மறுநாள் வேலைக்குப் போனேன். இன்றும் போகிறேன். சரிசெய்த குக்கரில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கும்போது என் மேஜைக்குப் பக்கத்தில் யாரோ ஸ்டூல் போட்டுக் காத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்க்க மாட்டேன். பட்டன் டக்கென்று விழுந்ததும், பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி வாய்க்குள்ளேயே சொல்கிறேன்: "இறங்கிடுச்சுக்கா. எழுந்திரு."