உத்தமனுக்குத் தளிகை

வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று அழுவானேன் என்பார்கள். எங்கள் ஓணான் வேலியிலிருந்து வரவில்லை. கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்தில் வந்து நின்ற கப்பலிலிருந்து வந்தது. கொண்டுவந்தவன் என் சொந்தத் தம்பி ஷ்யாம். கப்பலில் இன்ஜினியர். இருக்கிற புத்தியை எல்லாம் இன்ஜினுக்கே கொடுத்துவிட்டவன்.

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஷூ டப்பாவைத் திறந்து காட்டினான். ஒன்றரை சாண் நீளம், மங்கின சந்தன நிறம், உடம்பு ஓரமெல்லாம் முள், தாடைக்குக் கீழே தாடி மாதிரி ஒரு பை.

"பியர்டட் டிராகன்க்கா. கூட வேலை பார்த்தவன் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். ரொம்ப சாது. ரெண்டே வாரம் பார்த்துக்கோ, வந்து எடுத்துண்டு போயிடறேன்."

"சாதுவா? மூஞ்சியைப் பார்த்தா கோர்ட்டுல கேஸ் தோத்தவன் மாதிரி இருக்கு. எடுத்துண்டு நடையைக் கட்டுடா."

நடையைக் கட்டினான், ஓணானை வைத்துவிட்டு. அவன் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதென்று ஆறு மாதமாக எனக்குத் தெரியாது.

அன்றைக்கே அதை வெளியே தள்ளியிருப்பேன். தள்ளாததற்குக் காரணம் என் ஆத்துக்காரர் கோவிந்தராஜன். இரண்டாயிரத்து ஒன்றில் பேங்கில் விருப்ப ஓய்வு என்று வி.ஆர்.எஸ். கொடுத்தபோது எல்லோரும் வாங்குகிறார்களே என்று இவரும் வாங்கிக்கொண்டு வந்து, பால்கனி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். காபி வேணுமா என்றால் ஒரு 'ம்'. போதுமா என்றால் இன்னொரு 'ம்'. கோயில் துவாரபாலகர்கூட இவரைவிட நாலு வார்த்தை அதிகம் பேசியிருப்பார். பெண்ணும் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். சுவரோடு பேசுவதா, குக்கரோடு பேசுவதா என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

ஓணான் வந்த மூன்றாம் நாள், அடுக்களையில் இருந்தபோது பால்கனியில் குரல் கேட்டது.

"பார்த்தியாடா, டிராம் சார்ஜை ஏத்தப்போறானாம். ஏறினா நமக்கென்ன, நாம எங்கே போறோம்?"

எட்டிப் பார்த்தேன். மடியில் ஓணான், கையில் பேப்பர். இவர் படிக்க, அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் பேசாத மனுஷன் ஓணானிடம் பேசுகிறாரே என்று எரிச்சல் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. அப்படியே கரண்டியும் கையுமாக நின்று அழுதுவிட்டேன்.

உத்தமன் என்று பேர் வைத்தவரும் அவர்தான். "ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டான்" என்றார். அந்தப் பேச்சில் எவ்வளவு பெரிய வம்பு ஒளிந்திருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

எங்கள் ஆத்தில் ஒரு வழக்கம். பெருமாளுக்குக் காட்டி, கண்டருளப் பண்ணாத எதையும் யாரும் வாயில் வைப்பதில்லை. தண்ணீர்கூட முதலில் அவருக்குத்தான். உத்தமன் மட்டும் என்ன விலக்கா? அடுக்களையில் தளிகை முடிந்து, பெருமாளுக்குக் காட்டின பிறகு அவனுக்கும் ஒரு கிண்ணத்தில் பாலக்கீரை, பூசணிக்காய், ஒரு உருண்டை தயிர்சாதம். ஏகாதசியன்று எங்களோடு அவனும் பட்டினி. துவாதசி பாரணைக்கு அவனுக்கும் அகத்திக்கீரை. இப்படி ஒரு ஆசார ஓணான் கல்கத்தாவிலேயே கிடையாது என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

கீழ்வீட்டு மிதாலி ஒருநாள் பார்த்துவிட்டு, "ஓ மா! திதி, எக்டு மாச் தாவ் நா!" என்றாள். கொஞ்சம் மீன் கொடேன் அக்கா என்கிறாள். அவளுக்கு மீனும் கத்தரிக்காயும் ஒரே ஜாதி. என் ஆத்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டு உத்தமனை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

துர்கா பூஜா முடிந்து பனி இறங்க ஆரம்பித்ததும் உத்தமனுக்குப் பின்னங்கால் நடுங்கியது. பிறகு நடக்க முடியாமல் காலை இழுத்தான். தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது. ஊட்டின சாதம் வாயோரமாக வழிந்தது. பால்கனியில் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது.

டாக்ஸி வைத்துக்கொண்டு பெஹாலாவில் ஒரு மாட்டு டாக்டரிடம் ஓடினோம். பெங்காலி டாக்டர், சின்ன வயது. இதற்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். என் ஆத்துக்காரர் ஏகாதசி உள்பட எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, வேட்டையாடுகிற பிராணியை நீங்கள் வைஷ்ணவனாக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். எலும்பு கரைந்துகொண்டிருக்கிறதாம். தினமும் பாலக்கீரை போட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாதாம். நல்ல வெயில் வேண்டும், கால்சியம் பொடி வேண்டும், உயிருள்ள பூச்சி வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குளிரைத் தாண்டமாட்டான் என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது இவர் சொன்னார்: "பாலக்கீரையை நிறுத்திடு. வெயில்ல காட்டறேன், பொடி போடறேன். பூச்சி மட்டும் முடியாது. பெருமாளுக்குக் காட்டாததை இந்த ஆத்துல யாரும் சாப்பிட்டதில்லை. வெட்டுக்கிளியைக் கொண்டுபோய் அவர் முன்னாடி வைக்கச் சொல்றியா?"

"நான் எங்கேன்னா சொன்னேன்? டாக்டர்னா சொன்னார்!"

"ம்."

ஓணான் போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அது போனால் கூடவே இவர் குரலும் போய்விடும், அப்புறம் இந்த வீட்டில் நானும் அந்த 'ம்'மும்தான். எனக்கு அதைத் தாங்க முடியாது.

மறுநாள் காலை இவர் லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனதும் கீழே ஓடினேன். மிதாலியின் புருஷன் ஞாயிறு தவறாமல் தூண்டில் போடுகிறவர். தூண்டிலில் மாட்ட வெட்டுக்கிளி பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் மிதாலி ஒன்றும் கேட்காமல் பாட்டிலை நீட்டினாள்.

"அவர்ட்ட மூச்சு விடாதே" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் திதி" என்று பெங்காலியில் சத்தியம் பண்ணினாள். பண்ணும்போது ஏனோ சிரித்தாள்.

மொட்டை மாடி வெயிலில் உத்தமனைக் கிடத்தி, துணி காயப்போடுகிற கிளிப்பால் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, பொடியில் புரட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினேன். முட்டையைக்கூட வீட்டுப் படி ஏறவிடாத கை இது. பெருமாளே, பாவமெல்லாம் என் கணக்கில் எழுதிக்கோ, இவரைப் பேச வை என்று வேண்டிக்கொண்டேன். கிளிப்பை வெடுக்கென்று ஏதோ இழுத்தது. கண்ணைத் திறந்தால் உத்தமன் மென்றுகொண்டிருந்தான். ஆறு மாதம் என் தளிகையை ஒரு நாளும் அவ்வளவு ரசித்துச் சாப்பிட்டதில்லை, துரோகி!

அப்புறம் தினமும் அதேதான். மாடிக்குப் போய்விட்டு வந்து தலையோடு இரண்டாவது ஸ்நானம். குளிரில் பல் கிட்டித்தது. மத்தியானம் இவர் "நான் கொஞ்சம் வெயில் காட்டிட்டு வரேன்" என்று உத்தமனைத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் குளிக்கப் போவார். வெயிலில் வேர்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பரில் யாருக்கு வேர்க்கும்? எனக்கு எங்கே போயிற்று புத்தி?

உத்தமன் எழுந்து நின்றான். கால் நடுக்கம் நின்றது. பிறகு தொப்பை விழுந்தது. "வெயிலோட மகிமை" என்றார் இவர். "கால்சியத்தோட மகிமை" என்றேன் நான்.

ஒருநாள் மத்தியானம் வானம் திடீரென்று மூடிக்கொண்டது. துணி எடுக்க மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இவர் குரல்.

"சீக்கிரம் சாப்பிடுடா. மாமிகிட்டச் சொல்லிடாதே. அவ தெனம் தலைக்குக் குளிச்சு ஜலதோஷம் பிடிச்சுண்டு நிக்கறா, பாவம்."

எட்டிப் பார்த்தேன். கையில் தீப்பெட்டி. அதிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை இரண்டு விரலால் எடுத்து, மேகத்துக்கு நடுவே மிச்சமிருந்த சூரியனுக்கு நேரே தூக்கிக் காட்டிக் கண்ணை மூடினார். ஏதோ முணுமுணுத்தார். அப்புறம்தான் உத்தமனுக்கு நீட்டினார்.

"ஏன்னா!"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. தீப்பெட்டி விழுந்து, பாக்கி வெட்டுக்கிளி எல்லாம் என் புடவையில் ஏறின. நான் குதித்த குதியில் கீழே மிதாலி வீட்டில் உத்தரம் ஆடியிருக்கும்.

"இது என்ன கூத்து? முடியாதுன்னேளே!"

"வயசான காலத்துல ஒரு பிராணி பசியில சாகறதைப் பார்க்க முடியலைடி. மிதாலிகிட்ட வாங்கி, சூரிய நாராயணனுக்குக் காட்டிட்டுத்தான் கொடுக்கறேன். அவர் பண்ணின பூச்சி, அவர் பண்ணின ஓணான். நடுவுல நான் யாரு?"

"நான் கொடுக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"துணி கிளிப்புல வெட்டுக்கிளிக் கால் ஒண்ணு ஒட்டிண்டிருந்தது. நான் கையாலதானே கொடுக்கறேன், இது யாரு வேலைன்னு பார்த்தேன்."

"எப்போ?"

"அது ஆச்சு, ரொம்ப நாள்."

"அப்பவே சொல்றதுக்கென்ன? குளிர்ல நான் ரெண்டு வேளை முழுகிண்டு..."

"சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பயம்" என்றார். கொஞ்ச நேரம் உத்தமனைத் தடவிக்கொண்டிருந்தார். "வேலையை விட்டதே தப்பு வித்யா. அன்னிலேர்ந்து வாயைத் திறந்தா அதுதான் வரும்போல இருந்தது. உன்கிட்ட அழுதா நீ பயந்துடுவே. இவன்கிட்ட அழலாம், இவன் பயப்படமாட்டான்."

புடவையில் மிச்சமிருந்த வெட்டுக்கிளியைத் தட்டிவிட்டுச் சொன்னேன்: "நான் பயப்படலைன்னா. நீங்க பேசாததுக்குத்தான் பயந்தேன்."

தூறல் விழுந்தது. துணி நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டேன். உத்தமனைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மாடிப்படிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். அவர் பேசினார். கடைசி நாள் கொடுத்த பூமாலை, திரும்பி வந்த பஸ், வீட்டு வாசலில் உள்ளே வர மனசில்லாமல் நின்றது, எல்லாம் சொன்னார். நடுவில் ஒரு தடவைகூட 'ம்' சொல்லவில்லை. அன்று அதைச் சொன்னதெல்லாம் நான்தான்.

அடுத்த ஏகாதசியன்று காலை அவரே அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"விரதம் நமக்கு மட்டும்தான், அவனுக்கு இல்லை. நீ கிளிப்பை எடுத்துண்டு வா, நான் சூரிய நாராயணனுக்குக் காட்டறேன்" என்றார்.