தூங்கினால் நிற்கும் கடிகாரம்

வேளை வந்ததும் கூப்பிட்டுச் சொல்லும் மாத்திரைப் பெட்டிக்குள் எந்தக் கடிகாரத்தை வைத்து டைமர் எழுதுவது என்று அலுவலகத்தில் நடந்த சண்டையில் அவள்தான் ஜெயித்தாள். மணி காட்டும் கடிகாரத்தை யாராவது முன்பின் திருத்தினால் டைமர் குழம்பிப்போகும். முன்னால் மட்டுமே ஓடும் உள்கடிகாரம்தான் சரி என்று அடித்துப் பேசினாள். "சார்ஜை மிச்சம் பிடிக்க பெட்டி தூங்கினா அது எண்ணுமா?" என்று கேட்டவனை அலுவலகமே சந்தேகப்பிராணி என்றுதான் கூப்பிடும். "இது தூங்காத பெட்டிப்பா" என்று அவன் வாயை அடைத்தாள். தூக்கத்தையும் சேர்த்து எண்ணும் மூன்றாவது கடிகாரம் ஒன்று உண்டு. அது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஜெயித்த மிதப்பு, வேறென்ன.

இன்று சாப்பாட்டு மேசையில், பேட்டரியைக் கவனிக்கும் பெண் குஷியாக இருந்தாள். "முந்தாநாள் போட்ட அப்டேட்ல மூடிய மூடினாலே பெட்டி தூங்கிடுது. சார்ஜ் அப்படியே நிக்குது."

டைமரை எழுதியவள் தட்டை அப்படியே விட்டு எழுந்தாள். சோதனைக்கென்று ஒரு பெட்டியைத் தனியாக இருக்கும் அப்பாவிடம் கொடுத்திருந்தாள்; அந்த அப்டேட் அதற்கும் போயிருக்கும். அவர் போடுவது வலிப்பு மாத்திரை. ஒரு வேளை தப்பினாலும் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போன் போட்டாள், அடித்து ஓய்ந்தது. லிஃப்ட் வரும்வரை பொறுக்காமல் படியில் இறங்கினாள். பேருந்தில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் மூடிய பெட்டி. போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"காலை மாத்திரை போட்டீங்களா?"

"அது இன்னும் கூப்பிடலையேம்மா."

மூடியைத் திறந்தாள். பெட்டி விழித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. காலை மாத்திரைக்கு இன்னும் ஐந்து மணி நேரமாம்.

"பாத்தியா, நேரம் இருக்கு" என்றார்.

டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு மாத்திரையை நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. "மணிய பாக்காதீங்க, பெட்டிய மட்டும் நம்புங்கன்னு நீதானே சொன்ன."

"பெட்டி தப்புப்பா. மூடி வச்சா எண்ணாது. அந்தக் கடிகாரத்தை வச்சதே நான்தான்."

அவர் விழுங்கித் தண்ணீர் குடித்தார். டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"அப்போ நேத்து ராத்திரி கை இழுத்துச்சே, அது கனவு இல்லையா? நீ வேலையா இருப்பியேன்னு சொல்லாம விட்டுட்டேன்."