பத்தாவது கம்பி

மத்தியானம் யூஜினா மாமி அனுப்பிய வீடியோவைப் பார்த்த பிறகுதான் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மலைநாட்டில், மாமி இருக்கும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால், கம்பிச் சுருக்கில் மாட்டிய சிறுத்தை பிழைத்துவிட்டது. வனஜீவி அதிகாரிகள் மயக்க ஊசி போட்டு, இடுப்பில் இறுகியிருந்த கம்பியை வெட்டிவிட்டார்கள். தோல் மட்டும்தான் கிழிந்ததாம். நாலு மணிக்கு ஓடைப்பக்கக் காட்டில் விடப்போகிறார்களாம்.

ஆனால் வெட்டிய கம்பியின் நுனியில் நீல ஒட்டுநாடா இருந்தது. அது நான் சுற்றியது.

அப்பாவுக்கு மருதானையில் மோட்டார்சைக்கிள் திருத்தும் கடை. கழற்றிய கிளச் கேபிள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவற்றைத் துடைத்து, நுனி பிரியாமல் ஒட்டுநாடா சுற்றிவைப்பேன். மாமியின் கணவர் மரியதாஸ் மாமா, போஞ்சிக் கொடிப் பந்தலுக்கென்று கேட்டபோது பத்து அனுப்பினோம்.

அப்பா மாமாவை அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பன்றி கெழங்கையெல்லாம் தோண்டிருச்சு மச்சான், அதுக்குத்தான் வச்சேன்," என்றார் மாமா. "ஆபீசர்மார்கிட்ட நானே ஒத்துக்கிட்டேன். வழக்கு வந்தா வரட்டும். மிச்சம் எட்டையும் புடுங்கிக் குடுத்துட்டேன்."

"கர்த்தரே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்றார் அப்பா.

எட்டும், சிறுத்தை மாட்டிய ஒன்றும் ஒன்பது. ஃபோனை நோக்கிக் குனிந்தேன். நான் ஃபோனில் கதைப்பதே இல்லை.

"மாமா, நான் பத்துச் சுத்தினனான்."

"யாரு? வின்சன்ற் மகளா? ஒனக்குப் பேச வருமா புள்ள?"

அண்ணன் கிளின்ரன் சிரித்தான். மறுபக்கம் மாமா சிரிக்கவில்லை.

"ஐயோ, ஓடைக்கரையில ஒண்ணு..."

மணி மூன்றே முக்கால். மாமா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார். அவர் மூச்சிரைப்பதும் இலைகள் உரசுவதும் கேட்டன. அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

"கெடைச்சிருச்சு! சும்மாதான் இருக்கு, ஒண்ணும் மாட்டல."

பத்து என்று நான் கடைசி விரலை மடக்கினேன்.

ஐந்து மணிக்கு மாமி செய்தி அனுப்பினா. சிறுத்தை ஓடையைத் தாண்டிப் போய்விட்டதாம்.

"இனி கேபிளை முழுசா ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல," என்று அப்பா கடையில் இருந்து பெரிய வெட்டுக்குறடு கொண்டுவந்து தந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த கேபிள்களை எல்லாம் சாண் சாணாக வெட்டினேன்.

"இண்டைக்குப் பெரிய ஆள்தான் நீ," என்று கிளின்ரன் வெட்டிய துண்டுகளைக் கூட்டி அள்ளினான்.