வெள்ளை மருந்தும் ஒரு நிமிடமும்

வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகைத் துளைத்துக்கொண்டு தோளுக்கு ஏறியது. கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள் அந்தச் சித்தாள். பித்தப்பையில் கல். எடுத்துவிடச் சொல்லி ஒரு வருஷமாகிறது.

"தலையில சுமக்குறது பத்தாதுன்னு வயித்துலயும் சுமக்குற. அதுக்கு எவன் கூலி குடுப்பான்?" என்றான் கொத்து வேலை பார்க்கும் புருஷன்.

கத்திக்கு அவள் பயப்படவில்லை. முன்பு விரல் நசுங்கி ஆபரேஷனுக்குப் போனபோது, தூங்கவைக்கிற வெள்ளை மருந்தைப் புறங்கை நரம்பில் ஏற்றினார்கள். தூக்கம் வருவதற்குள் கை தீயாய் எரிந்தது. பயமெல்லாம் அதற்குத்தான்.

சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். மயக்க டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். எரிந்த கதையை அவள் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதைப் பத்தி டாக்டர்கள் மாநாட்டுல பேசித்தான் போன மாசம் கேடயம் வாங்கினேன்," என்றார் மாணவர்களிடம். "சின்ன நரம்புல போட்டா எரியும். கையை ரப்பர் பட்டையால இறுக்கிக் கட்டி, மரத்துப்போற மருந்தை முதல்ல ஏத்தணும். ஒரு நிமிஷம் அங்கேயே நிக்க விடணும். அப்புறம் பட்டையை அவுத்துட்டு வெள்ளை மருந்து."

"எனக்கும் அப்படித்தானே சார்?"

"உனக்கு எரியவே எரியாதும்மா. நான் சொல்றேன்ல."

அந்தச் சொல்லை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் தியேட்டரில் பட்டையைக் கட்டினார். மரத்துப்போகிற மருந்தை ஏற்றினார். "என்ன சார், இன்னைக்குள்ள முடியுமா?" என்றார் சர்ஜன், கதவருகே நின்று. கேடயம் வாங்கிய கை அந்தக் கணமே பட்டையை உருவியது.

"சார், இப்பத்தானே போட்டீங்க," என்றாள் சிஸ்டர்.

"போதும் போதும். கல்லு மண்ணு சுமக்குற உடம்பு, தாங்கும்."

நரம்பை மரக்கவைக்க வேண்டிய மருந்து ரத்தத்தோடு ஓடியே போய்விட்டது. பின்னாலேயே வெள்ளை மருந்து ஏறியது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியதுபோல் இருந்தது.

"சொன்னீங்களே சார்..." என்று தொடங்கியவள் முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். மிச்சம் என்னவென்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அடுத்த நாள் காலை அவர் மாணவர்களோடு அவள் கட்டிலருகே வந்து நின்றார்.

"என்னம்மா, எரியல இல்ல?"

"எரிஞ்சுது சார்."

"மயக்கத்துல அப்படி ஏதாவது தோணும்."

"மயக்கம் வர்றதுக்கு முன்னாடி சார்."

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். "கல்லை எடுத்தாச்சில்ல, அதைப் பாரு," என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கே நின்று பட்டை, நரம்பு என்று விளக்க அவருக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

"அந்தக் கேடயத்தைக் கொண்டுவந்து உன் கையில ஒத்தடம் குடுக்கச் சொல்லியிருக்கலாம்," என்றான், நடந்ததையெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட புருஷன்.

"சும்மா இருய்யா, சிரிச்சா தையல் இழுக்குது."

மயக்க டாக்டர் அவளுக்கு ஒரு நிமிடம் தர வேண்டும். இன்னும் தரவில்லை.